வீட்டு வெளிச்சுவர்ப் பூச்சுக்கு நம்பகமான ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: டர்பன் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

வெளிச்சுவருக்குப் புதிதாகச் சிமெண்டுப் பூச்சு வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சதுர மீட்டருக்கு எவ்வளவு?" என்பதுதான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிப்பிங்கோ என்று எங்கே போனாலும் இப்படித்தான் நடக்கிறது. விலையை முதலில் கேட்டு, ஆளைப் பிறகு பார்த்து, சுவரைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சுவர், வேலை விவரம், ஆள், விலை என்ற வரிசையில் போனால் ஏமாற்றத்துக்கு இடம் மிகவும் குறைந்துவிடும்.

பூச்சு வேலையில் குறைகள் பெரும்பாலும் பூச்சுக்கு அடியில்தான் இருக்கும். வேலை முடிந்த அன்று நல்ல பூச்சும் மோசமான பூச்சும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு வெளியே வர ஒரு மழைக்காலம் ஆகும். ஆகவே, அடியில் என்ன செய்யப்போகிறார் என்பதை வேலை தொடங்குமுன்பே தெளிவாகச் சொல்லி, எழுத்திலும் தருகிற ஆளைத்தான் தேட வேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, ஒரு நாணயம், ஒரு வாளித் தண்ணீர், படம் எடுக்கக் கைபேசி, ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு வார இறுதி நாட்கள்.

1. ஆளைத் தேடுமுன் சுவரைச் சோதியுங்கள்

வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்து, நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பழைய பூச்சு செங்கல்லைப் பிடித்திருக்கிறது. பொள்ளலான சத்தம் வந்தால் அங்கே பிடி விட்டுவிட்டது. அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியைக் கொத்தி எடுக்க வேண்டும் என்பதை இப்போதே நீங்கள் தெரிந்துகொண்டால், பின்னால் "முழுச் சுவரையும் இடிக்க வேண்டும்" என்றோ, "மேலேயே பூசிவிடலாம்" என்றோ யார் சொன்னாலும் எடைபோட முடியும்.

அடுத்து, ஓதம் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். சுவரின் அடியில் ஒரு மீட்டர் உயரம் வரை உப்புப் பூத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. பூந்தோட்ட மண்ணோ சிமெண்டு நடைபாதையோ சுவரின் ஈரத்தடுப்புப் படலத்துக்கு (தரை ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் வைக்கும் தாள்) மேலே உயர்ந்திருப்பது இதற்குப் பொதுவான காரணம். வெளித்தரை அந்தப் படலத்துக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். கூரைக்கு அருகில் கறை இருந்தால் மழைநீர்க் கால்வாயையும் இறங்கு குழாயையும் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே கறை இருந்தால் ஜன்னல் திட்டின் சரிவைப் பாருங்கள். ஈரத்தின் ஊற்றை அடைக்காமல் பூசினால், அடுத்த மார்ச் மாதத்துக்குள் அதே இடத்தில் அதே கறை திரும்பிவிடும்.

விரிசல்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வலைப்பின்னல்போல் மெல்லியதாக ஓடுபவை பழைய பூச்சோடு நிற்பவை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் செங்கல் இணைப்பு வழியாக இறங்குபவை, அதுவும் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றவை, அடித்தளம் அசைவதைக் காட்டலாம். அப்படி ஒன்று இருந்தால் பூச்சுக்காரரைக் கூப்பிட வேண்டாம். தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சிலில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை முதலில் கூப்பிடுங்கள். அசையும் சுவரின் மேல் எவ்வளவு நல்ல பூச்சு வைத்தாலும் அது பிளக்கும்.

கடைசியாக, வாளித் தண்ணீரைச் சுவரில் தெளியுங்கள். உடனே உறிஞ்சினால் சுவரில் பெயிண்ட் இல்லை அல்லது தேய்ந்துவிட்டது. முத்துமுத்தாக நின்று வழிந்தால் பெயிண்ட் படலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த ஒரு விவரம் எட்டாம் படியில் பெரிய வேலை செய்யும்.

2. காலத்தைக் குறியுங்கள்

தீபாவளிக்குள் வீடு புதிதாக இருக்க வேண்டும் என்று செப்டம்பரில் ஆள் தேடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கு இந்த ஊர்க் காலநிலைக்குப் பொருந்தாது. டர்பனில் மழை அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டுகிறது. தீபாவளி அவசரத்தில் எல்லா ஒப்பந்ததாரர்களும் மூன்று நான்கு வீடுகளை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். நவம்பரில் தள்ளிப்போன வேலை டிசம்பர் நடுவில் தொடங்கும் கட்டுமானத் தொழில் விடுமுறையில் மாட்டிக்கொண்டு, சாரம் கட்டியபடியே ஜனவரி வரை நிற்கும்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரையான மாதங்களே சிறந்தவை. வெயில் மிதம், மழை குறைவு. குளிர்காலத்தின் கடைப்பகுதியிலும் வசந்தத் தொடக்கத்திலும் உள்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட பெர்க் காற்று வீசும். அது ஈரப் பூச்சை சில மணி நேரத்தில் உலர்த்தி வெடிக்கவைக்கும். அந்த நாட்களில் வேலையை நிறுத்திவைக்கும் ஆளே தொழில் தெரிந்த ஆள். ஆகவே, பிப்ரவரியில் தேடத் தொடங்குங்கள். மழைக்காலம் இன்னும் முடியாத நேரம் என்பதால் மற்றவர்கள் செய்த வேலை கசிகிறதா என்பதையும் அப்போதே நேரில் பார்க்கலாம்.

டோங்காட், வெருலம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: குழாயில் தண்ணீர் வராத நாளில் பூச்சை நனைக்க முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்தபின் அங்கே பல மாதங்கள் குழாய் வறண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொட்டி இல்லாதவர்கள் ஒன்றை நிரப்பி வைத்த பிறகே தேதி குறியுங்கள்.

3. அனுமதி தேவையா என்று பார்த்துவிடுங்கள்

இது சிறிய படி. ஆனால் தவறவிட்டால் வேலை பாதியில் நிற்கும். அடுக்குமாடி அல்லது கூட்டுரிமைக் குடியிருப்பில் இருந்தால், வெளிச்சுவர் பொதுச் சொத்து. உரிமையாளர் குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது.

60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தின் தோற்றத்தை மாற்றினால் பாரம்பரியச் சின்ன அனுமதி தேவைப்படும். குவாசூலு-நேட்டாலில் அதைக் கவனிப்பது அமாஃபா நிறுவனம். சாட்ஸ்வொர்த்தில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடுகள்கூட இப்போது இந்த வயதை எட்டுகின்றன. வெறும் செங்கல் தெரியும் சுவரைப் பூச்சால் மூட நினைப்பவர்கள் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய நகராட்சி வீடுகளின் கூரைத் தகடுகளும் ஓரப் பலகைகளும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சாரம் கட்டும்போது அவற்றை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. 2020ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் விதிமுறைகள் அந்த வேலையைத் தகுதி பெற்றவர்களுக்கே விடுகின்றன.

4. வேலை விவரத்தை நீங்களே எழுதுங்கள்

ஒரே பக்கம் போதும். சுவர்களின் நீளம், உயரம், கழிக்க வேண்டிய கதவு ஜன்னல்கள், கொத்தி எடுக்க வேண்டிய பகுதிகள், பூச்சின் கனம், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, குப்பையை யார் அகற்றுவது, பெயிண்ட் சேருமா சேராதா. இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால்தான் வரும் விலைகளை ஒப்பிட முடியும். விவரம் கொடுக்காமல் விலை கேட்டால், மூவரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்வார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டருக்கு 8 மீட்டர் அளவுள்ள, தரைத்தளம் மட்டுமே கொண்ட வீடு என்றால் சுற்றளவு 36 மீட்டர். உயரம் 2.7 மீட்டர். பெருக்கினால் 97 சதுர மீட்டர். திறப்புகளுக்கு 17 கழித்தால் 80 மிஞ்சும். வெளிப்பூச்சுக்கு ஒரு 50 கிலோ சிமெண்டுப் பைக்கு அதிகபட்சம் 200 லிட்டர் மணல் என்பது இங்குள்ள வழக்கமான அளவு. அதாவது 65 லிட்டர் கொள்ளும் கட்டட வேலைத் தள்ளுவண்டியில் மூன்று வண்டி. இந்தக் கலவை 15 மில்லிமீட்டர் கனத்தில் சேதாரம் போகச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். ஆக, இந்த வீட்டுக்கு 8 பை சிமெண்டு தேவை. நான்கு பை போதும் என்று ஒருவர் சொன்னால், பூச்சு மெலியும் அல்லது மணல் மிகும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் யாரிடமும் வாதம் செய்யத் தேவையில்லை, "எத்தனை பை?" என்று கேட்டாலே போதும்.

5. பெயர்களைச் சேருங்கள்

ஐந்து பெயர் சேர்த்து, அதில் மூன்றை மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். கோயிலில், தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், பக்கத்துத் தெருவில் கேட்பது நல்ல வழிதான். ஆனால் "என் மாமா பையன், நம்ம ஆள்" என்ற சொல் வேலையின் தரத்துக்குச் சான்றாகாது. உறவினரிடம் காகிதம் கேட்கக் கூச்சப்பட்டு, குறை வந்தபின் பணமும் போய் உறவும் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உறவினராக இருந்தால் காகிதம் இன்னும் கூடுதலாக வேண்டும். "மாமா, கணக்கு எழுத்தில் இருந்தால் நமக்குள் பேச்சு வராது" என்று மரியாதையாகவே சொல்லலாம்; நேர்மையாகத் தொழில் செய்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

கட்டுமானப் பொருள் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். யார் தொடர்ந்து சிமெண்டு வாங்குகிறார், யார் கடனைத் தீர்க்காமல் கடை மாற்றுகிறார் என்பது கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியும். குவாசூலு-நேட்டால் மாஸ்டர் பில்டர்ஸ் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் ஒரு தொடக்கம்.

கனமழை கழிந்த வாரத்தில் கதவைத் தட்டி, "பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம், மிச்சச் சரக்கு இருக்கிறது, மலிவாக முடித்துத் தருகிறோம்" என்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்படி வீடு தேடி வந்தவரிடம் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே எழுத்துமூலம் விலகலாம்.

6. காகிதங்களைச் சரிபாருங்கள்

நிறுவனமாக இருந்தால் பதிவு எண்ணைக் கேட்டு, நிறுவனப் பதிவு ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். விலையில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்த்திருந்தால் வரி எண்ணையும் கேளுங்கள். அது 4இல் தொடங்கும் பத்து இலக்க எண்; வரித் துறையின் தளத்தில் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பதிவு இல்லாத ஒருவர் வரி என்ற பெயரில் உங்களிடம் பணம் வாங்கக்கூடாது.

தொழிலாளர் இழப்பீட்டு நிதியம் அல்லது கட்டுமானத் துறைக்கான ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவல் தரும் நன்னிலைக் கடிதம், அதாவது பதிவும் கட்டணமும் நிலுவையின்றி உள்ளன என்ற சான்று, மிக முக்கியம். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இழப்பீடு சிக்கலின்றிக் கிடைக்க அது உதவும். கடிதத்தில் காலாவதி தேதி இருக்கும், அதைப் படியுங்கள். போன ஆண்டுக் கடிதத்தை மடித்துக் காட்டிவிட்டுப் பைக்குள் வைப்பவர்கள் உண்டு.

மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் காரின் மேல் செங்கல் விழுந்தால் அந்தச் செலவு யாருடையது என்பது இதில்தான் தீரும்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "நான் என்.எச்.பி.ஆர்.சி.யில் (வீடு கட்டுவோருக்கான தேசியப் பதிவுக் கவுன்சில்) பதிவு பெற்றவன், ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு" என்று ஒப்பந்ததாரர் சொன்னதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. அந்த ஐந்து ஆண்டு, அந்த அமைப்பில் முறைப்படி பதிவு செய்து கட்டிய புது வீட்டின் கட்டமைப்புக் குறைகளுக்கானது. பழைய வீட்டுக்கு மறுபூச்சு வைக்கும்போது அது தானாக உங்களுக்குக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பூச்சுக்கான உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

7. பழைய வேலையைப் போய்ப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். ஒப்பந்ததாரரிடம் மூன்று முகவரி கேளுங்கள்: ஒன்று இப்போது நடப்பது, இரண்டு குறைந்தது இரண்டு மழைக்காலம் கண்டவை. கைபேசியில் காட்டும் படங்கள் போதாது. படத்தில் எல்லாச் சுவரும் அழகாகத்தான் இருக்கும், அது அவருடைய வேலைதானா என்பதும் தெரியாது.

மழை பெய்த மறுநாள் போங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, தென்புறச் சுவரை முதலில் பாருங்கள். தெற்கு அரைக்கோளத்தில் அந்தப் பக்கம் வெயில் குறைவு. ஈரம் அங்கேதான் நெடுநேரம் தங்கும். கடலுக்கு அருகே, புளஃப் போன்ற இடங்களில், கடற்காற்று அறையும் பக்கத்தையும் பாருங்கள்.

ஜன்னல் மூலைகளைத் தட்டிப் பாருங்கள். வெளிமூலைகள் கோடு பிடித்ததுபோல் நேராக இறங்குகின்றனவா என்று கீழே நின்று கண்ணால் அளந்து பாருங்கள். செங்கல் சுவரும் கான்கிரீட் உத்திரமும் சேரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடுகிறதா? இரண்டு பொருள்களும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரியும். அனுபவசாலி அந்த இணைப்பில் பூச்சை வேண்டுமென்றே வெட்டிவிடுவார். இங்குள்ளவர்கள் அதை வி-ஜாயின்ட் என்பார்கள். அந்த வெட்டு இருந்தால் அவர் யோசித்து வேலை செய்பவர் என்று புரிந்துகொள்ளலாம்.

சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் கலவையில் சிமெண்டு குறைவு அல்லது பூச்சு போதிய அளவு நனையவில்லை.

பிறகு வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள் போதும். சொன்ன நாளில் வந்தார்களா? விலை பேசிய ஆளே தினமும் நின்றாரா, வேறு யாரையாவது அனுப்பினாரா? குறை வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா? மூன்றாவதற்குத்தான் எடை அதிகம். எல்லா வேலையிலும் ஏதாவது ஒரு குறை வரும். திரும்பி வந்து சரிசெய்யும் ஆள் கிடைப்பதே அரிது. "குறையே வரவில்லை" என்று சொல்பவரைவிட, "ஒரு மூலை பிளந்தது, மறுவாரம் வந்து சரிசெய்தார்" என்று சொல்பவரின் பேச்சை நான் அதிகம் நம்புவேன்.

8. சுவருக்கு முன் நிற்கவைத்துக் கேளுங்கள்

ஒப்பந்ததாரரை வரவேற்பறையில் உட்காரவைத்துப் பேசாமல் சுவருக்கு அருகே கூட்டிப்போங்கள். எதையும் தொடாமல், தட்டாமல், அளக்காமல் விலை சொல்பவரை அங்கேயே விட்டுவிடலாம்.

முதல் கேள்வி: "இந்தச் சுவரில் பெயிண்ட் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" பெயிண்டின் மேல் பூச்சு பிடிக்காது. பெயிண்டை அகற்றுவேன், அல்லது சுவரைக் கொத்திப் பிடிமானம் உண்டாக்குவேன், அதன்மேல் சிமெண்டுத் தெளிப்பு கொடுப்பேன் என்பதே சரியான பதில். தெளிப்பு என்பது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு பெருமணல் கலந்து, நீர்க்கக் கரைத்து, சுவர்மேல் வீசியெறிவது. இங்கே ஸ்பேட்டர்டாஷ் என்பார்கள். அது ஒரு நாளாவது நனைந்து இறுக வேண்டும். "பசை அடித்துவிட்டுப் பூசுவேன்" என்று சொன்னால், எந்தப் பொருள், அதன் உற்பத்தியாளர் பெயிண்ட் அடித்த வெளிச்சுவருக்கு அதைப் பரிந்துரைக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது: "மணல் எங்கிருந்து?" கடற்கரை மணலில் உப்பு இருக்கும், கழுவாமல் பயன்படுத்தினால் உப்புப் பூக்கும். களிமண் மிகுந்த சிவப்பு மண் கலந்தால் பூச்சு கையில் வழுக்கிக்கொண்டு எளிதாகப் போகும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். பூச்சுக்காரர்கள் சிலர் அதை விரும்புவதன் காரணம் அந்த எளிமைதான். சுத்தமான பூச்சு மணல் என்று எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது: "என்ன சிமெண்டு, எதில் அளப்பீர்கள்?" பையின் மேல் எஸ்.ஏ.என்.எஸ். 50197-1 என்ற தர எண் இருக்க வேண்டும். செங்கல் கட்டவும் பூசவும் மட்டுமே உதவும் மேசன்ரி சிமெண்டு என்றால் 50413-1. அதற்கு மணல் இன்னும் குறைய வேண்டும், சுண்ணாம்பும் சேர்க்கக் கூடாது. அளவு தள்ளுவண்டியிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். மண்வெட்டியால் எண்ணிப் போட்டால், காலையில் ஒரு கலவை, மாலையில் வேறொரு கலவை என்றாகிவிடும்.

நான்காவது: "எத்தனை நாள் நனைப்பீர்கள்? யார் நனைப்பார்?" குறைந்தது மூன்று நாள் பூச்சு ஈரமாக இருக்க வேண்டும். சிமெண்டு இறுகுவதற்கு நீர் தேவை. நீர் ஆவியாகிவிட்டால் இறுக்கம் பாதியில் நின்றுவிடும். இந்தக் கேள்விக்கு "மழை வந்தால் அதுவே நனைக்கும்" என்ற பதில் வந்தால், அந்த ஆள் வேண்டாம்.

ஐந்தாவது: "கரண்டியைப் பிடிக்கப்போவது யார்?" விலை பேசுகிறவர் ஒருவர், பூசுகிறவர் இன்னொருவர் என்பது இங்கே சாதாரணம். அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் போய்ப் பார்த்த பழைய வேலையைச் செய்த அதே கொத்தனார் வர வேண்டும். அவர் பெயரைக் கேட்டு ஒப்பந்தத்தில் சேருங்கள்.

பதில்களின் உள்ளடக்கத்தோடு, பதில் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். தெரிந்தவர் விளக்குவார், சுவரைத் தொட்டுக் காட்டுவார், சில நேரம் உங்கள் விவரத்தாளையே திருத்துவார். அப்படித் திருத்துபவரை மதித்துக் கேளுங்கள்.

9. விலைகளை அருகருகே வையுங்கள்

மூன்று கொட்டேஷன்களையும் எழுத்தில் வாங்குங்கள். மொத்தத் தொகையைப் பார்க்குமுன், கொத்துவது, தெளிப்பு, பூச்சு, சாரம், நனைப்பது, குப்பை அகற்றுவது ஆகிய ஆறும் ஒவ்வொன்றிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மிக மலிவான தாளில் பெரும்பாலும் முதல் இரண்டும் இருக்காது. அவற்றின் விலையைச் சேர்த்துப் பார்த்தால், மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

பூச்சு 15 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டிய கோணலான சுவர் என்றால் இரண்டு அடுக்காகப் பூச வேண்டும். அதற்கான கூலி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே அடுக்கில் கனமாக ஏற்றினால் தன் எடையாலேயே பூச்சு சரிந்து இறங்கும்.

10. ஒப்பந்தமும் பணமும்

வேலை விவரத்தாள், கொட்டேஷன், தொடங்கும் நாள், முடியும் நாள், மழை நாட்களுக்கான ஏற்பாடு, கூடுதல் வேலைக்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்ற வரி, பூச்சு உத்தரவாதத்தின் காலம். இவை எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கும். பெரிய வேலையென்றால் கட்டட ஒப்பந்தப் படிவங்களை வெளியிடும் ஜே.பி.சி.சி. அமைப்பின் சிறு பணிகளுக்கான ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்தலாம்.

பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பதுதான் இந்த ஊரில் மிகப் பெரிய தவறு. அந்தப் பணம் பெரும்பாலும் முந்தைய வீட்டின் கடனை அடைக்கப் போய்விடுகிறது. உங்கள் வீட்டுச் சிமெண்டுக்கு அடுத்த வீட்டின் முன்பணம் வர வேண்டியிருக்கிறது. சிமெண்டையும் மணலையும் நீங்களே கடையில் வாங்கி இறக்கிவிட்டால், முன்பணத்துக்கான காரணமே பெருமளவு நீங்கிவிடும். கூலியைக் கொத்துதலும் தெளிப்பும் முடிந்தபின் ஒரு பகுதி, பூச்சு முடிந்தபின் ஒரு பகுதி, நனைத்துச் சுத்தம் செய்தபின் ஒரு பகுதி என்று பிரியுங்கள். 10 சதவீதத்தை மூன்று மாதம் நிறுத்திவைப்பதாக எழுதுங்கள்.

பணத்தை வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் உள்ள அதே பெயரிலான கணக்குக்கே அனுப்புங்கள். "கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் முதலிலிருந்தே உள்ள எண்ணில் அவரைக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். உங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேலை தொடங்கும் நாளைத் தெரிவித்துவிடுங்கள்.

11. மாதிரித் துண்டும் வேலை நாட்களும்

வீட்டின் பின்புறத்தில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துத் தட்டிப் பார்த்து, ஒத்துக்கொண்டபின் மற்றச் சுவர்கள். மாதிரிக்கு மறுப்பவர் மிகக் குறைவு. மறுத்தால் காரணம் கேளுங்கள்.

வேலை நாட்களில் மூன்றைக் கவனித்தால் போதும். கலந்த சாந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் ஊற்றிப் புதுப்பிக்கக்கூடாது. ஈரப் பூச்சின்மேல் உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கக்கூடாது; மேல்தோல் மட்டும் இறுகி வலைப்பின்னலாக வெடிக்கும். ஈரத்தடுப்புப் படலத்தை மூடித் தரைவரை பூச்சை இறக்கக்கூடாது. ஈரம் பூச்சின் வழியாகவே மேலே ஏறிவிடும்.

குறை கண்டால் கொத்தனாரிடம் கத்தாதீர்கள். அவர் வெயிலில் நாள் முழுதும் நிற்பவர். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு, படத்தோடு செய்தியும் அனுப்பிவிடுங்கள்; அது தேதியிட்ட சான்றாகவும் நிற்கும்.

12. ஏற்றுக்கொள்வதும், பிணக்கு வந்தால் போகும் வழியும்

சாரத்தைப் பிரிக்குமுன் மாலையில் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் நிழலாக விழும். இரண்டு மீட்டர் மட்டப்பலகையை வைத்தும் பாருங்கள். பிறகு மறுபடி நாணயம். பொள்ளலான இடங்களை வட்டமிட்டு, பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். சாரம் போனபின் மேற்பகுதிக் குறையைச் சரிசெய்ய யாரும் ஆர்வமாக வர மாட்டார்கள்.

பெயிண்டுக்கு ஒரு மாதம் பொறுங்கள். ஈரமும் காரமும் உள்ள புதுப் பூச்சின்மேல் அவசரமாக அடித்தால் பெயிண்ட் கொப்புளிக்கும். பெயிண்டுக்கு முன் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு (பிரைமர்) அவசியம்.

குறை வந்தால் முதலில் எழுத்துமூலம், தேதி குறித்து, சரிசெய்யக் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, குறையைச் சரிசெய்யவோ நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கும் வராவிட்டால், 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கையைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வைக்கலாம். அதற்கு மேல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். பொதுவாக மூன்று ஆண்டுகளில் கோரிக்கை காலாவதியாகிவிடும். கடிதங்களையும் படங்களையும் வங்கி ரசீதுகளையும் ஒரே உறையில் வைத்திருங்கள்.

மூன்று மாதம் முடியும் நாளில், ஒரு நல்ல மழைக்குப் பிறகு, சுவரை இன்னொரு முறை தட்டிச் சுற்றி வாருங்கள். சரியாக இருந்தால் நிறுத்திவைத்த 10 சதவீதத்தை அன்றே அனுப்பிவிடுங்கள். நேர்மையாக வேலை செய்தவரை அந்தப் பணத்துக்காக ஒரு நாள்கூட அலையவிடக் கூடாது.